ரப்பர் பட்டறை போன் அக்கா

வந்த மெயிலை மறுபடி ஒருமுறை படிக்கிறார் போன் அக்கா. அதன் அடியில் இருக்கும் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, தன் பழைய நோட்டைப் புரட்டி வேறு எண்ணைத் தேடுகிறார். "அதுல இருக்கற நம்பருக்கு அடிச்சா அனுப்புனவன்தானே எடுப்பான்? எனக்குத் தெரிஞ்ச குரல் வேணும்."

தண்ணீர்க் குழாய்களுக்கு ரப்பர் வளையம் வார்க்கிற பட்டறை. ஒன்பது பேர் வேலை. அதில் அலுவலகம் என்பது அக்கா ஒருவர்தான். மெயிலோடு ஏதாவது இணைப்பு வந்தால், அனுப்பியவரிடம் போனில் கேட்காமல் திறக்கவே மாட்டார். பெயர் வந்தது அப்படித்தான். முதலாளிக்கோ எரிச்சல். "நம்மளை யாரும்மா குறிவைக்கப் போறான்? இந்த வளையத்தைத் திருடிட்டுப் போய் கையில மாட்டிக்குவானா?" அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. காதில்தான் ரிசீவர் இருக்கிறதே.

அப்பேர்ப்பட்டவரையும் போன வருடம் ஒருவன் கரைத்துவிட்டான். ஊருக்கெல்லாம் தண்ணீர் சுத்திகரித்து அனுப்பும் நிலையத்தின் புது என்ஜினியர் என்று சொல்லி எட்டு மாதம் எழுதினான். அவசரமே கிடையாது. வளையத்தின் தடிமனைப் பற்றி ஒரு கேள்வி கேட்பான். அக்கா பேச்சுவாக்கில் சொன்ன முட்டிவலியை அடுத்த மெயிலில் மறக்காமல் விசாரிப்பான். மகளின் பரீட்சைக்கு வாழ்த்துகூட அனுப்பினான். இணைப்பு எதுவும் இல்லாததால் போன் செய்யும் வேலையே வரவில்லை. "கூடப் பொறந்தவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான், தங்கமான மனுஷன்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒன்பதாம் மாதம் ஒரு வரைபடம் அனுப்பி, திறந்து பார்க்கச் சொன்னான். இவ்வளவு பழகியவர்மேல் போய்ச் சந்தேகமா என்று அக்காவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழகின கை சும்மா இருக்குமா? நிலையத்துக்கு அடித்தார். பல வருடப் பழக்கமான ஸ்டோர்ஸ்காரர் எடுத்து, என்ஜினியரையே கூப்பிட்டுக் கொடுத்தார். "நானா? நான் உங்களுக்கு ஒரு மெயில்கூட போட்டதில்லையேம்மா."

நிலையம் அனுப்பிய கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆட்கள் வந்து அந்த வரைபடத்தை ஆராய்ந்தார்கள். உள்ளே உளவு பார்க்கும் நிரல் இருந்தது. "இதை அனுப்புனவங்களுக்கு வேண்டியது நிலையம். அங்க காவல் பலம். உங்க பேர்ல ஒரு மெயில் போனா யோசிக்காம திறப்பாங்கன்னு உங்ககிட்ட வந்திருக்காங்க. வருஷக்கணக்கா காத்திருப்பாங்க."

"அப்ப பெரிய இடத்துக்காரங்க மட்டும் பயந்தா போதாதா?" என்றார் முதலாளி.

"பெரிய இடத்துக்குச் சாமான் குடுக்கறவங்களும் பயப்படணும் சார்."

தப்பித்ததில் நிம்மதிதான். ஆனால் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. "என் வலியைக்கூட அவன் வேலைக்குப் பயன்படுத்திக்கிட்டானே, பாவி" என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், வளையம் வாங்கும் அத்தனை இடங்களுக்கும் வரிசையாக அடித்தார். "என் பேர்ல எது வந்தாலும் என்னைக் கேட்டுட்டுத் திறங்க." இப்போது பட்டறை போன் ஓய்வதே இல்லை. அக்கா சாப்பிடப் போனால் முதலாளியே எடுத்து, "ஆமாங்க, அது நாங்க அனுப்புனதுதான்" என்கிறார்.

போன வாரம் அசல் என்ஜினியர் நேரில் வந்தார். கூச்ச சுபாவம். நன்றி சொல்லத் தெரியாமல் ஒரு வளையத்தை எடுத்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். முதலாளி பாட்டில் வாங்கக் கடைக்குக் கிளம்பினார். அக்கா அவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, நிலையத்துத் தண்ணீர் வரும் குழாயைத் திறந்து இரண்டு தம்ளர் பிடித்தார். ஒன்றை என்ஜினியரிடம் நீட்டிவிட்டு, மற்றதை அவர் கண்ணெதிரிலேயே அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார்.