பவுடர் பூசாத கழுத்து

கன்னியர் மடத்தின் மணியை அடிக்குமுன் புனிதமலர் ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் அழுத்தித் துடைப்பாள். பலேர்மோ நகரின் வியா மக்வேதா வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். வீட்டில் மகளுக்குப் பவுடர் போட்டுவிட்டு வந்த கை அது.

மன்னார்ப் பெண்கள் பவுடர் அப்பாமல் பூசைக்குப் போவதில்லை. மலர் போவாள். ஊர்த் தோழி மொனிகா கேலி செய்யாமல் விடமாட்டாள்.

"என்னடி, இஞ்சை இருக்கிறதுக்குக் கேக்கிற பெர்மெஸ்ஸோவைப் பவுடருக்கும் கேக்கிறாங்களோ?"

"உன்ரை முகத்திலை இருக்கிறதைச் சுரண்டித் தாவன். எனக்கு ஒரு மாசத்துக்குக் காணும்."

மலர் பராமரிப்பது சிஸ்டர் லித்தியாவை. பசிபிக் கடலின் சின்னத் தீவொன்றில் பிறந்து, மடத்தில் சேர்ந்து பலேர்மோவுக்கு வந்தவர். எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருப்பார். வேலைக்கு வந்த முதல் வாரம், அவரைக் குளிப்பாட்டிய மலர், ஊர்ப் பழக்கத்தில் முதுகிலும் கழுத்திலும் பவுடரைத் தாராளமாகக் கொட்டினாள். சிஸ்டர் எழுந்துபோய்க் குழாயின் கீழ் நின்று, தோல் சிவக்கும்வரை தேய்த்தார்.

பிறகுதான் சொன்னார். அவருடைய பத்து வயதில், தொலைவில் வேற்று நாட்டு இராணுவம் அணுகுண்டை வெடிக்கவைத்துச் சோதித்தது. வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. பிள்ளைகள் அள்ளிப் பூசி விளையாடினார்கள். அன்று மாலையே வாந்தி. பின் தோல் உரிந்தது, தலைமயிர் கொத்தாகக் கழன்றது. தம்பி இரத்தப் புற்றுநோயில் போனான். அக்காவுக்குப் பிறந்த குழந்தை ஒருநாள்கூட இருக்கவில்லை. லித்தியாவின் தைரோயிட்டை வெட்டியெடுத்தார்கள்.

"அந்த மனிசிக்கு மேலை, ஒண்டும் தெரியாமல் நானும் ஒருக்காக் கொட்டிப்போட்டன்" என்று மலர் மொனிகாவிடம் அழுதாள். மொனிகா அதன்பிறகு பவுடரைப் பற்றிக் கதைக்கவில்லை.

இந்த வருடம் சிஸ்டரின் பழைய அறுவைத் தழும்புக்கு மேலே, காதடியில் புதுக் கட்டி. ஊசி குத்திச் சோதிக்க வேண்டும். பிந்தினால் காப்பாற்ற முடியாது என்றார்கள். சிஸ்டரோ இரண்டு முறை சோதனை அறையிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டார். ஏனென்று சொல்லவுமில்லை. "பிடிவாதம்" என்றார் மடத்தலைவி. மூன்றாம் முறை மலரைத் துணைக்கு அனுப்பினார்கள்.

டொக்டர் புதிய இறப்பர் கையுறைகளை உதறி மாட்டினார். உள்ளே ஒட்டியிருந்த வெண்தூள் பறந்து சிஸ்டரின் கறுப்பு அங்கியில் படிந்தது. சிஸ்டர் மறுபடியும் எழுந்துபோகக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார்.

"நில்லுங்கோ" என்றாள் மலர், தமிழிலேயே. முதலில் ஈரத்துணியால் அங்கியைத் துடைத்தாள். பிறகு டொக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், மகளின் கையைக் கழுவுவதுபோல் விரல் விரலாக அந்த உறைகளைத் தேய்த்துக் கழுவினாள். டொக்டர் ஏதோ கேட்டார். அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது, சிஸ்டர் லித்தியா கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.