இப்பத்தான் சாப்பிட்டோம்!

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரரை ஒரு வெந்நீர் ஊற்றில் லேசில் இறங்க விடவில்லை.

பதறாதீர்கள், பெரிய குற்றமெல்லாம் இல்லை. சனிக்கிழமை, மலை, பூமிக்குள்ளிருந்து சுடச்சுட வரும் தண்ணீர் — ஒரு மதுரைக்காரருக்கு வேறென்ன தோன்றும்? நாங்கள் குடியேறிய சன்னிவேலில் இருந்து நல்லெண்ணெய் பாட்டிலோடு வந்திருக்கிறார். கார் பார்க்கிங்கிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு பளபளவென்று வந்து நின்றார். காவலுக்கு இருந்த பெண் அவரைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ஷவரைக் காட்டினாள்.

சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். மறுபடியும் அனுப்பினாள். நல்லெண்ணெய் ஒரு சோப்புக்கெல்லாம் அசையுமா?

"ஏங்க, இது என்ன குத்தாலமா?" என்றேன்.

"குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுட்டுப் போனாத்தாண்டி மரியாதை!"

ஒருவழியாக எண்ணெய் இறங்கி, அவர் ஊற்றில் இறங்கி, ஊறி எழுந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வெந்நீரில் ஊறினால் ஒரு பசி வரும் பாருங்கள்... அது தனி ரகம். ஆனால் புளியோதரை டப்பாவைத் திறக்க நேரமில்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஒரு பழங்குடி கிராமத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

அது என் மகள் நிலாவின் ஏற்பாடு. பத்தாவது படிக்கிறாள். சம்மர் லீவில் அந்தக் கிராமத்தில் வாலன்டியராக இருக்க வேண்டும் என்று பல மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். அங்கே பொறுப்பில் இருக்கும் லிண்டா ஆன்ட்டி, "முதலில் குடும்பத்தோடு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அதனால் வழியெல்லாம், ஏடாகூடமாக எதுவும் செய்யாதீர்கள் என்று எங்களுக்குத்தான் அர்ச்சனை. "ப்ளீஸ்ப்பா... டோன்ட் பி வியர்ட்!"

லிண்டா ஆன்ட்டி அன்பாகத்தான் வரவேற்றார். பாறையிலேயே குழி குழியாக இருந்த உரல்களைக் காட்டினார். ஓக் மரத்துக் கொட்டையை இடித்து மாவாக்கி, கசப்புப் போகத் திரும்பத் திரும்ப அலசி, கஞ்சி காய்ச்சுவார்களாம். காலையிலிருந்து எங்களுக்காகக் காய்ச்சியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் கணவரிடம் நீட்டினார்.

வயிறு கூப்பாடு போடுகிறது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நோ நோ... இப்பத்தான் சாப்பிட்டோம்!"

நானும் பலமாகத் தலையாட்டினேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வேண்டாம் என்பதுதானே நமக்கு மரியாதை? அவர்கள் "அட, ஒரு வாய் சாப்பிடுங்க" என்பார்கள். நாம் நெளிவோம். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். பிறகுதானே சாப்பாடு!

லிண்டா ஆன்ட்டி கையைப் பிடிக்கவில்லை. "ஓகே" என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். முகம் வாடிவிட்டது. நிலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, ஷி மேட் இட் ஃபார் அஸ்!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக ஆன்ட்டியிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உண்மையைப் போட்டு உடைத்தேன். "தப்பா நினைக்காதீங்க. எங்க ஊர்ல முதல் 'நோ'வை யாரும் கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க. திரும்பத் திரும்பக் கேக்கணும். எங்களுக்கு உயிர் போற பசி!"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "இப்போ சாப்பிடறீங்களா?" என்றார்.

"இல்ல, பரவால்ல..." என்று ஆரம்பித்தாரே மனிதர்! நான் காலை மிதித்த மிதியில், "...கொஞ்சமா" என்று முடித்தார்.

லிண்டா ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். கஞ்சியில் உப்பில்லை, உறைப்பில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கும் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது ஆன்ட்டி நிலாவின் தோளில் கை வைத்தார். "சம்மருக்கு எங்களோட வந்து இருக்கியா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை மாதத் தவம்? சான்டா கிளாராவில் பிறந்து, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் மகள் சொன்னாள்...

"நோ நோ, இட்ஸ் ஓகே... உங்களுக்கு எதுக்கு ட்ரபிள்..."

லிண்டா ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, இரண்டாம் தடவை கேட்டார்.