மேடு ஏறாத மூட்டு

மதியம் இரண்டு மணி பதினொரு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, சாப்பாட்டு மேஜைமேல் நீட்டியிருந்த என் மனைவியின் வலது கால். தரை ஆடி அடங்கிய கையோடு நாற்காலியில் ஏறி, அதிலிருந்து மேஜைக்கு மாறியிருந்தாள். மின்விசிறி இன்னும் ஊசலாடிக்கொண்டிருந்தது. 2012, ஏப்ரல். அந்தமானில், வண்டூரில் எங்கள் வீடு.

சுனாமி வந்த காலையில் மதில் இடிந்து அந்த முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடியது, மூட்டு கூடவில்லை. ஏழு வருடமாகக் கால் பாதிதான் மடங்கியது. அன்று தண்ணீர் ஜன்னல் கட்டை வரை வந்தது. மேஜை அதைவிட நாலு விரற்கடை தாழ்வு. இருவருக்கும் அது தெரியும்.

தண்ணீர் வரப்போகிறது, சீக்கிரம் என்று பக்கத்து வீட்டு வங்காளி வாசலில் நின்று இந்தியில் கத்தினார். "தீதி, ஜல்தி! பானி ஆயேகா!"

"ஆப் ஜாயியே பையா," என்று அவரைப் போகச் சொன்னாள் இவள்.

தப்பிக்க ஒரே வழி, பாக்குத் தோப்புக்குள் செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. சாலையில் போக முடியாது. கடல் புகுந்து வடியாமலே நின்றுவிட்ட வயல்களுக்கு நடுவில்தான் அது போர்ட் பிளேர் போகிறது. முந்தைய எச்சரிக்கையின்போது நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். பாதி மேட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து கை முறிந்தது. அதன்பின் அவள் யாரையும் தொட விடவில்லை.

"நீங்க போங்க. பத்திரிகைக்காரர் மேலே நின்னு பார்த்தாத்தானே எழுத முடியும்."

"இங்கேருந்தும் தெரியும்."

நானும் மேஜைமேல் ஏறினேன். மேஜை முனகியது.

"இது ரெண்டு பேரைத் தாங்காது," என்றாள்.

ரேடியோ ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்தது. ஜன்னல் வழியாகக் கடல் தெரியவில்லை, தென்னைகள் மட்டும் தெரிந்தன. தெருவில் ஆள் இல்லை. ஒரு ஆடு கயிற்றை இழுத்தபடி நின்றது.

அவளுக்கு மூட்டு மாற்றாமல் தள்ளிப்போட்டவன் நான். என் கல்லூரி நண்பன் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் செயற்கை மூட்டுக்கான பிளாஸ்டிக் செய்கிறான். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவில் குருத்தெலும்பின் வேலையைச் செய்யும் வெள்ளைத் தகடு அது. பழைய வகை தேயும். தேய்ந்த தூள் எலும்பை அரிக்கும். மூட்டு ஆட்டம் கண்டுவிடும். அவன் அதில் வைட்டமின் ஈ கலந்து, கதிர்வீச்சில் இறுக்கி, மூட்டு நீருக்குப் பதிலாகக் கன்றின் இரத்த நீரில் நனைத்து, ஓர் இயந்திரத்தில் இரவும் பகலும் நடக்கவிட்டிருந்தான். "நாப்பத்திநாலு வயசுலயே பழசைப் போடாதேடா. இது வரட்டும்," என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்தான். நானும் அதையே அவளிடம் சொல்லிவந்தேன்.

ஐந்து மணிக்குப் பிறகு எச்சரிக்கையை விலக்கினார்கள். தண்ணீர் வரவில்லை. அவளால் உடனே இறங்க முடியவில்லை, கால் மரத்திருந்தது. அப்போதுதான் ஃபோனில் சிக்னல் வந்தது. முதல் அழைப்பு நண்பனுடையது. ஃபோனை அவள் வாங்கி, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, உங்க மிஷின் இன்னும் நடக்குதா?"

"சூப்பரா நடக்குது தங்கச்சி. தேய்மானமே இல்ல. இன்னும் ரெண்டே வருஷம்."

"மேடு ஏறுமா?"

"இல்லம்மா. சமதரையில நடக்குற மாதிரிதான் செட் பண்ணியிருக்கோம். மேடு அப்புறம்தான்."

"சரி. எனக்கு இப்ப கடையில இருக்கறதையே போடச் சொல்லுங்க."

"அறுபது வயசுல தேஞ்சுடும்மா. மறுபடி திறந்தா எலும்பு மிஞ்சாது. அவன்கிட்ட குடு, நான் பேசறேன்."

"அவர் இங்கதான் இருக்கார். மேஜைமேலதான். கேட்டுட்டுதான் இருக்கார்."

நண்பன் என் பதிலுக்குக் காத்திருந்தான். நான் இறங்கி, நாற்காலியை அவள் காலடிக்கு நகர்த்தினேன்.

ஜூன் மாதம் சென்னையில் அவளுக்கு மூட்டு மாற்றினார்கள். வைத்தது பழைய வகைத் தகடு.