ஹார்லனின் காவல் கழுதை

மொன்டானாவில் மெர்ல் கால் முறிந்து கிடந்த குளிர்காலத்தில், அவருடைய ஆடுகளுக்கு விடியுமுன் தீனி போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனவர் பக்கத்துப் பண்ணை ஹார்லன். நன்றிக்கடனாக மெர்ல், ஹார்லனின் காவல் கழுதையை ஊரெல்லாம் கேலி செய்தார்.

"ஏம்ப்பா, கயோட்டி நரியை விரட்டக் கழுதையா? துப்பாக்கி என்ன, தொடச்சு வைக்கவா?"

"ஓடையோரத்து நரி ஜோடி இத்தனை வருஷமா ஆட்டைத் தொட்டதில்ல, மெர்ல். வேத்து நரியையும் அண்ட விடாது. விட்டுடு."

மெர்ல் விடவில்லை. இரண்டையும் சுட்டு, ஊர் வழக்கப்படி வேலிக் கம்பியில் வீரப்பதக்கமாகத் தொங்கவிட்டார். பதக்கத்தைப் பார்க்கத்தானோ என்னவோ, வசந்தத்தில் அசலூர் நரிகள் வந்தன. மெர்லின் பதினோரு ஆட்டுக்குட்டிகள் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தன.

"அந்தக் கழுதை..." என்று இழுத்தார் மெர்ல்.

மகள் வீட்டோடு போய்விட மூட்டை கட்டியிருந்த ஹார்லன், கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியேறினார்.

"வச்சுக்க. சொன்னாக் கேக்காது. ஆனா உன்னைவிடக் கொஞ்சம் கேக்கும்."