பாக்கெட்டில் ஒரு கட்டிங் பிளேயர்

தாடையைக் கம்பி போட்டுக் கட்டிய ஆள் வாந்தி எடுத்தால், கம்பியை உடனே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்துவிடும். சேகர் அண்ணாவுக்குக் குமட்டியபோது, வெட்டுகிற கட்டிங் பிளேயரைக் காணோம்.

யார் எடுத்தது?

அது கட்டில் தலைமாட்டில் நூலில் தொங்க வேண்டும். வெறும் நூல்தான் தொங்கியது. மலையடிவாரத்தில், அலிபிரிப் பக்கம் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர்களுக்கென்று விற்கிற கட்டர் இல்லை. எலக்ட்ரீஷியன் ரெட்டெப்பாவின் பழைய பிளேயரைக் கொதிக்க வைத்து மாட்டியிருந்தோம். ஓடினேன். ஓ.பி.யில் ஸ்டூல் மேல் நின்று, அதே பிளேயரால் ஃபேன் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தார் ரெட்டெப்பா. பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் சிஸ்டர், அண்ணாவைக் குனிய வைத்து, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டார். ஆள் பிழைத்தார்.

அன்றிலிருந்து பிளேயர் என் பாக்கெட்டில். "வாந்தி வந்தால் மட்டும் வெட்டு" என்று டாக்டர் உத்தரவு. ரெட்டெப்பாவைத் திட்டினேன். அவர் சொன்னது: "கேட்டுட்டுத்தாம்மா எடுத்தேன். அவரு வாயத் தொறந்து வேணாம்னு சொன்னாரா?"

மல்லாட்டை

சேகர் அண்ணா பட்டாளத்துக்காரர். எல்லையில் ஷெல் துண்டு பட்டுத் தாடை உடைந்து, அங்கேயே ஆபரேஷன் முடித்து, லீவில் சொந்த ஊர் சத்தியவேட்டுக்கு வந்தவர். வந்த இடத்தில் சீழ் பிடித்துக்கொண்டது. எங்கள் டாக்டர் சுத்தம் செய்து மறுபடி கம்பி கட்டினார். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. நான் அந்த வார்டு அட்டெண்டர். இன்டர் என்கிற பிளஸ் டூவில் இரண்டு தடவை ஃபெயில், மூன்றாவது தடவை எழுதவே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: பட்டினி கிடக்கிற நோயாளி எதிரே டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. நமக்கு உட்கார வேறு இடமும் கிடையாது. அவருக்கு ராகிக் கஞ்சியை வடிகட்டி ஸ்ட்ராவில் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலையை முதுகைக் காட்டித் தின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பல்லிடுக்கில் குரல் வந்தது: "திரும்பி ஒக்காந்து துன்னு தங்கச்சி. கடிக்கிற சத்தமாவது கேட்டுக்கினு இருக்கேன்."

கோவம்

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி பஸ் பிடித்து வருவார், நாலு வயது மகளோடு. அவர் லீவில் வந்தபோதே மகளைப் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்தது. வாரம் பூரா அந்த ஒரு நாளுக்காகத்தான் கஞ்சியையே குடித்தார். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் எந்தக் கொஞ்சலும் அதட்டல் மாதிரிதானே கேட்கும்? அவர் "வாடா கண்ணு" என்கிறார். குழந்தை அம்மா புடவைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. உள்ளேயிருந்து கேட்டது: "ம்மா, நைனா இன்னாத்துக்கு எம்மேல கோவமா கீறாரு?"

அடுத்த ஞாயிறு

அண்ணாவுக்குத் திடீரென்று பயங்கரமாகக் குமட்டியது. பிளேயரை உருவி, உதட்டை விலக்கி, கம்பியில் வைத்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். வாயில் ஒன்றுமே வரவில்லை. கண் என் மேல் இல்லை, வாசலில் நிற்கிற மகள் மேல் இருந்தது. நடிப்பு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெட்டு தங்கச்சி. ஒரே ஒரு தடவ அதுகிட்ட சிரிச்சிக் காட்டிட்டு மூடிக்கிறேன்."

சத்தம்

வெட்டவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. எலும்பு நகர்ந்துவிட்டால் டாக்டரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? அந்த வாரமே பட்டாள வண்டி வந்து அவரைச் சென்னையில் பட்டாள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டது. கம்பியை அங்கேதான் எடுத்திருப்பார்கள். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று எனக்கு இன்னும் தெரியாது. டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டில் பக்கம் திரும்பித்தான் உட்காருகிறேன். அதில் வேறு யாரோ படுத்திருக்கிறார்.

நாலு மாசம் கழித்து வார்டு போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஹலோ இல்லை, பேர் இல்லை. கடுக்கென்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. மல்லாட்டை. அப்புறம் ஒரு சின்னக் குரல்: "நைனா, எனக்கும் ஒண்ணு கடிச்சிக் குடு."

போனில் இடமில்லை, பழைய மெசேஜையெல்லாம் அழித்துவிடு என்று சிஸ்டர் சொல்லி ஒரு மாசம் ஆகிறது. சொன்னதைச் செய்கிற ஆளாக இருந்திருந்தால் நான் இன்டரே பாஸ் பண்ணியிருப்பேன்.