காயாத வில்

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான முதல் தை மாதம், பொங்கல் வேட்டைக்காக ஜவ்வாது மலைமேல் இருந்த மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். மாமனார் வேறு யாருமில்லை, என் தாய்மாமன்தான். நாங்கள் மலையை விட்டு இறங்கிக் கண்ணமங்கலம் பக்கம் குடியேறிய குடும்பம். மேலே இருப்பவர்கள் என்னைக் கீழ்நாட்டான் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. போதாக்குறைக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் சுபாவம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மாமனார் கட்டிக் கொடுத்த வில்லில் புது மாப்பிள்ளை முதல் அம்பை விட வேண்டும். அதற்கப்புறம்தான் வேட்டை கிளம்பும். சாமி முன்னால், ஊரே பார்க்க, நாணை இழுத்து விட்டவன் அந்த ஊர் ஆள். விடாதவன் வெறும் விருந்தாளி.

மாமா எனக்காக ஒரு வில் கட்டியிருந்தார். கடமான் முதுகு நரம்பைத் தட்டி, நாராகப் பிரித்து, வாணியம்பாடி பாய் கடையில் வாங்கிய வஜ்ஜிரத்தைக் காய்ச்சி, அந்தப் பசையில் தோய்த்து வில்லின் முதுகில் வரிவரியாக ஒட்டுகிற வேலை. ஒட்டி முடித்தபின் காத்திருப்பதுதான் அதைவிடப் பெரிய வேலை. நிழலில், காற்றோட்டமாக, தானாகவே காய வேண்டும். தொட்டால் எலும்பு மாதிரி இருக்கும், உள்ளே பசை ஈரமாகவே கிடக்கும். அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை தாண்டியும் விடவில்லை. மாட்டுக் கொட்டாய்ப் பரணில் வைத்திருந்த வில் காய்ந்தபாடில்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு மாமா என்னிடம் பேச்செடுத்தார். "வில்ல பங்குனி வரைக்கும் காயவுட்டுடலாம் மாப்ள. இந்தத் தரம் என் வில்லுல வுடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம். "இரவல் வில்லு புடிக்கவா நான் வந்தேன்? என் வில்லு இல்லன்னா அன்னிக்குக் காலையிலயே கீழ எறங்கிடுவேன் மாமா" என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்த என் மனைவி காதிலும் இது விழுந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வேட்டையன்று காலை, என் பிடிவாதத்துக்காக அந்த வில்லையே கொண்டுவந்திருந்த மாமா, கோயில் முன்னால் அதைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து வெளியே எடுத்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். நரம்பை விரலால் தடவினார். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் கொடுக்கவில்லை. "இரு மாப்ள, நான் ஒரு தரம் இழுத்துப் பாக்கறேன்" என்று தானே நாணேற்றினார். கூட்டத்திலிருந்து ஒருவர், "இன்னாய்யா, மாப்பிள்ள நீயா, அவனா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. விறுவிறுவென்று தள்ளிப்போய்ப் புளியமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

படீரென்று ஒரு சத்தம். திரும்பினால் வில் முறிந்து கிடக்கிறது, நரம்புப் பட்டை உரிந்து தொங்குகிறது, மாமா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரலிடுக்கில் ரத்தம். அந்தக் கண்ணில் அவருக்கு முழுப் பார்வை திரும்பவே இல்லை. ஆனால் அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது, 'நல்லா வேணும்' என்பதுதான். எழுதவே கூசுகிறது.

"சரியா காயவுடல. எம்மேலதான் தப்பு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார் மாமா. முதல் அம்பை வேறு ஒருவர் விட, வேட்டை எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது.

வீட்டில் அவரைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போட்ட பிறகு, என் மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"நான்தாங்க கெடுத்துட்டேன். யாருக்கும் தெரியாம வில்ல எடுத்தாந்து அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவுட்டேன். வெதக் கேவுரு அங்கதான காயுது, இதுவும் காஞ்சிடும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி துணியில சுத்தி மறுபடி பரண்லயே வச்சிட்டேன். வில்லு இல்லன்னா நீங்க கோச்சிக்கினு போய்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சிங்க."

அந்த வீட்டில் விதைக் கேழ்வரகானாலும் மிளகாயானாலும் அடுப்புக்கு மேலேதான் காயும். நரம்புக்கு அது ஆகாது. சூட்டில் மேல்பக்கம் சுருங்கி இறுக, உள்ளே பசை இளகிவிட்டிருக்கிறது. அவளைத் திட்ட வாயெடுத்தேன். அடுப்புவரைக்கும் அவளை விரட்டியது யார் என்று நினைத்ததும், "வா, மாமாகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

இரண்டு பேரும் மாமாவின் கட்டிலருகே போய் நின்றோம். அவள் அழுதுகொண்டே ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"தெரியும் கண்ணு. துணியப் பிரிச்சதுமே அடுப்புப் பொகை வாசன அடிச்சிது."

"தெரிஞ்சுமா இழுத்தீங்க?" என்றேன்.

"அங்க சொன்னா இவ தலையப் போட்டு உருட்டுவாங்க. உன் கையில குடுக்கவும் மனசு வரல. லேசா இழுத்துப் பாத்துட்டு, சரியில்லன்னு ஓரமா வச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வுட்டுடுச்சி."

பிறகு, பற்றுப் போடாத கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த மாப்ள, உனுக்குச் செராய் கிராய் எதுவும் படலியே?"

"படல மாமா" என்றேன். கோபித்துக்கொண்டு அவ்வளவு தூரம் தள்ளிப்போனவன்மேல் எப்படிப் படும்?