ஒரு லாரி உறை மோர்

போன வெள்ளிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏ பிளாக் லலிதாம்பிகை மேடத்தின் மகள் கவிதா பேசினார். பெங்களூரிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்தவர். "அங்கிள், அம்மா எழுந்திருக்கவே இல்ல," என்றார். வாயில் நுரையோடு படியேறி ஓடினேன். மேடம் தூக்கத்திலேயே போயிருந்தார். யாரையோ கிண்டல் செய்துவிட்டுப் படுத்தவர் மாதிரிதான் முகம் இருந்தது.

அங்கே நின்று கண்ணைத் துடைத்த கையோடு எனக்கு வந்த அடுத்த நினைப்பு: ஐயையோ, சாயங்காலம் லாரி வருமே!

துக்க வீட்டில் இவனுக்கு லாரி ஞாபகமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மேடத்தை அறிந்தவர்கள் சுளிக்க மாட்டார்கள். அறியாதவர்களுக்காக விவரம் சொல்கிறேன்.

கீழ்க்கட்டளையில் எங்கள் குடியிருப்பு சாலையின் இந்தப் பக்கம். எதிர்ச் சாரியில் இன்னொரு குடியிருப்பு. இரண்டு இடத்திலும் வீடுகளின் கழிவுநீரைச் சுத்தப்படுத்தத் தரைக்குக் கீழே ஒரு தொட்டி உண்டு. அதில் உண்மையாக வேலை பார்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். எதிர்ச் சாரியில் டைல்ஸ் போட்டவர்கள் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவி, அத்தனையையும் சாக்கடையில் தள்ளிவிட, அந்தத் தொட்டி செத்துப்போனது. எங்கள் தொட்டியிலிருந்து ஒரு லாரி சேறு தருவதாக மேடம் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு லாரிக்கும் அவரே சொல்லிவிட்டார். அது நடக்காவிட்டால் நாறுகிற தண்ணீரை அள்ளிக்கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடலாம் என்று அங்கே சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஏரிக்கரையில்தான் மேடம் தினமும் நடப்பார். அதனால்தான் லாரி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது.

மேடம் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். நான் அப்போதே குடியிருப்புச் சங்கச் செயலாளர். தபால் துறையில் காலம் தள்ளியவன், சட்டென்று கோபம் வரும். முதல் பொதுக்குழுவில் எல்லோரும் கார் நிறுத்துவது பற்றி மல்லுக்கு நின்றபோது, இந்த அம்மாள் கையைத் தூக்கி, "நம்ம எஸ்.டி.பி., அதான் கழிவுநீர்த் தொட்டி, எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். பட்டுப் புடவையோடு கீழே இறங்கி, மூடியைத் திறக்கச் சொல்லி, மூச்சை நன்றாக இழுத்தார். நாங்கள் இரண்டடி பின்வாங்கினோம். அவருக்கு முகம் மலர்ந்தது. "மண் வாசனை வருது சார். நம்ம ஆளுங்க சௌக்கியமா இருக்காங்க."

நுண்ணுயிர்களுக்கு அவர் வைத்த பெயர் அது. நம்ம ஆளுங்க. இட்லி மாவு பொங்கினால் நம்ம ஆளுங்க. மழை பெய்து மண் மணத்தால் நம்ம ஆளுங்க. நான் ஒருமுறை ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் நானாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினேன் என்று தெரிந்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "ஜலதோஷத்துக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன சார் சம்பந்தம்? உங்க வயித்துல நம்ம ஆளுங்க உங்களுக்காக ராப்பகலா உழைக்கறாங்க. அவங்களைப் போய் அடிச்சா நியாயமா?" என்றார். நியாயமில்லைதான். அன்று மத்தியானம் ஒரு தூக்கு நிறைய மோர் அனுப்பினார், நான் முழுவதும் குடித்துவிட்டேன்.

காலையில் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் எடுத்து செக்யூரிட்டி மேசையில் வைப்பார். அரை மணி நேரத்தில் பழுப்புச் சேறு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்தால் தொட்டி நலம் என்று அர்த்தம். இதை எங்கள் சங்கத் தலைவரிடம் யாரும் சொல்லவில்லை. நடைப்பயிற்சி முடித்து வந்த மனிதர் ஜாடியைப் பார்த்து, "டிகாஷன் நல்லா இறங்கியிருக்கே, யாரு போட்டது?" என்று கேட்டு டம்ளரைத் தேடினார். மேடம் ஓடிவந்து தடுத்தார். அதன்பிறகு தலைவர் எங்கே காபி குடித்தாலும் மேடம் எதிரே இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

நவராத்திரிக்கு அவர் வீட்டுக் கொலுவின் கடைசிப் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கும். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு அதில் வைத்திருப்பார். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் முதல் வருஷம் சீ சீ என்று ஒதுங்கினார்கள். ஒருவர் துணிந்து கண்ணை வைத்தார். குச்சிக் காம்பின் நுனியில் குட்டிக் குட்டி மணிகள், பூத்தது மாதிரி. காம்பு சட்டென்று சுருண்டு மறுபடி நிமிரும். "ஐ, ஆடுதுங்க!" என்றார். அவ்வளவுதான், வரிசை படிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் சுண்டல் என்பது மேடத்தின் சட்டம். எல்லாரும் நல்லவர்கள் இல்லை, கெட்டவர்களும் கொஞ்சம் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் சோப்பு என்பார்.

இப்படி இருந்த தொட்டியை ஒரு போகியன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொன்றோம். தூய்மைப் பொங்கல் கொண்டாடுகிறோம் என்று தலைவர் பல்லாவரத்திலிருந்து பிளீச்சிங் பவுடர் மூட்டையாக வரவழைத்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். மேடம் அப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். கேட்க வேண்டுமா? அத்தனை வீட்டிலும் குளியலறை, கழிவறை, பால்கனி என்று கொட்டித் தேய்த்தார்கள். காணும் பொங்கலன்று வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் கோவளத்துக்கும் போவதற்காகப் புளியோதரைத் தூக்கோடு சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். லிஃப்ட் அருகே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, புளியோதரையைக்கூடப் பிரிக்காமல் திரும்பினார்கள். என் மச்சினர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மேடம் ஊரிலிருந்து வந்து மூடியைத் திறந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "வாங்க சார், உறை மோர் வாங்கிட்டு வருவோம்," என்று எதிர்ச் சாரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் போக மனமே இல்லை. மழைத் தண்ணீரை யார் பக்கம் திருப்புவது என்பதில் அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே செயலாளர் முத்துக்கிருஷ்ணன், என்னைவிடக் கோபக்காரர்.

"உங்க தொட்டிச் சேறு ஒரு லாரி வேணும் சார்," என்றார் மேடம்.

கேலி செய்கிறோம் என்று அவருக்கு மீசை துடித்தது. மேடம் அசரவில்லை. பால் கெட்டுப்போன வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் உறை மோர் கேட்பதில்லையா, இதுவும் அதுதான், உங்கள் சேற்றில் இருக்கும் நம்ம ஆளுங்க எங்கள் தொட்டியில் போய்ப் பெருகுவார்கள் என்று விளக்கினார். முத்துக்கிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜா அம்மாள் வந்தார். "உறைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, விளக்கும் வெச்சாச்சு. எங்க வீட்டுல தர மாட்டோம். காலைல வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாக்கடைச் சேற்றுக்கு வெள்ளிக்கிழமையா? மேடமோ கைகூப்பி, "நியாயம்தாம்மா, காலைல வரேன்," என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா சார், சேத்தை லட்சுமின்னு மதிக்கறாங்க. நான் இத்தனை வருஷம் கத்தினது இதுக்குத்தானே!"

மறுநாள் சேறு வந்தது. வெல்லத்தையும் சாணத்தையும் கரைத்து ஊற்றினார். காலையும் மாலையும் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். மண் வாசனை. அன்றிலிருந்து இரண்டு குடியிருப்புக்கும் பேச்சு வந்தது, மழைத் தண்ணீர்ச் சண்டையும் தீர்ந்தது. இரண்டு தொட்டிக்கும் மேடமே பொறுப்பு.

இனி போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் மேடத்தை எடுத்துக்கொண்டு போனோம். கவிதாவே கொள்ளி வைத்தார். நாங்கள் திரும்புவதற்குள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். யாரோ நீட்டிய பினாயில் பாட்டிலை வாசலிலேயே நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரால் கழுவியதாகச் சொன்னார்கள்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரம் லாரி வந்து நின்றது. பந்தலைப் பார்த்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், சாவு வூடா கீது? அந்தம்மா இன்னிக்கி வரச் சொன்னாங்களே," என்றார். அந்தம்மாதான் போய்விட்டார் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பப் பார்த்தார். முத்துக்கிருஷ்ணனும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் அவர் கண்கள் லாரியை விட்டு நகரவில்லை. இன்னொரு நாள் என்றால் அந்தத் தண்ணீர் ஏரிக்குப் போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் பெரியவர்கள் சிலர், துக்க வீட்டிலிருந்து இன்று எதுவும் வெளியே போகக்கூடாது என்றார்கள். நான் கவிதாவைப் பார்த்தேன். கவிதா, எதிரே நின்ற சரோஜா அம்மாளைப் பார்த்தார்.

சரோஜா அம்மாள் ஈரத் தலையோடு முன்னே வந்தார். முந்தானையை இரண்டு கையிலும் பிடித்து ஏந்தினார்.

"இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான். விளக்கும் வெச்சாச்சு. பரவாயில்லம்மா, அவங்க கைராசி. நான் வாங்கிக்கறேன், குடு."

கவிதா கீழே போய், தொட்டிச் சேற்றை லாரிக்கு ஏற்றும் மோட்டாரைத் தானே போட்டார். லாரி நிறைந்து, ஆடி அசைந்து சாலையைக் கடந்து எதிர்ச் சாரிக்குள் நுழைந்தது. மேடம் ஒரே நாளில் இரண்டாவது முறையாக எங்கள் கேட்டைத் தாண்டிப் போவதாக எனக்குத் தோன்றியது. மத்தியானம் அழாதவன் அப்போது அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதில் பாதி சந்தோஷம்.

இன்று காலை முத்துக்கிருஷ்ணன் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். மாலை போட்ட மேடத்தின் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. துக்கம் கேட்க மதுரையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தைக்குக் காப்பின்னா உசுரோ? டிகாஷன் வெச்சிருக்கீங்க," என்றார்.

தலைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கவிதா. அப்புறம் வீடு முழுக்க. போய் வாருங்கள் மேடம், எதிர்ச் சாரியிலும் நம்ம ஆளுங்க சௌக்கியம்.